கோதுமையை விட்டும் வயிறு அடங்காதபோது, அடுத்து எந்த வழி?

சீலியாக் நோய் என்று, அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய் என்று, பயாப்சி சொன்ன அன்று எனக்குப் பெரிய கவலை வரவில்லை. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டும் என்றார் மருத்துவர். திருச்சியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது என்ன பெரிய காரியம்? காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை. சப்பாத்தியும் ரவா உப்புமாவும் போனால் போகட்டும். ஆறு மாதத்தில் இரும்புச்சத்து ஏறும், வயிறு அடங்கும் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

இரும்புச்சத்து ஏறத்தான் செய்தது. வயிறுதான் அடங்கவில்லை. எட்டு மாதம் ஆன பிறகும் வாரத்தில் மூன்று நாள் கலங்கியது. சாயங்காலம் ஆனால் உப்புசம், புடவைக் கொசுவத்தைத் தளர்த்தாமல் உட்கார முடியாது. "அப்ப அந்த நோயே இல்லையோ என்னவோ, பேசாம சப்பாத்தியைச் சாப்பிடு" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த நிலைமை அபூர்வமில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் பத்தியம் இருந்தும் தொல்லை தீராதவர்களை மருத்துவர்கள் தனி வகையாகவே பார்க்கிறார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் இவை: கோதுமை இன்னும் எங்கிருந்தாவது உள்ளே போகிறதா என்று தேடலாம், பாலை நிறுத்தலாம், வெங்காயம் பூண்டை நிறுத்தலாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று மாதம் கடும் பத்தியம் இருக்கலாம், மறுபடி பரிசோதனைக்குப் போகலாம், கடையில் விற்கும் என்சைம் மாத்திரையை விழுங்கலாம். நான் இவற்றில் பாதியைத் தவறான வரிசையில் செய்து பார்த்தவள். முதலில் பால், பிறகு வெங்காயம், பிறகு பருப்பு என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போய் எடை 46 கிலோவில் வந்து நின்றது. ஏதாவது ஒன்றை நிறுத்தினால் முதல் நான்கு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. அந்த நான்கு நாள்தான் ஆளை ஏமாற்றுகிறது.

பெருங்காய டப்பா

உணவியல் ஆலோசகரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு வாரம் சமையலில் போட்டதையெல்லாம் எழுதிட்டு வாங்க. சாப்பிட்டதை இல்ல, போட்டதை." எழுதிக்கொண்டு போனேன். கடுகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள் தூள் எல்லாம் இருந்தது. "தாளிப்பில் பெருங்காயம் போடுவீங்கதானே? அதை எழுதலையே" என்றார். அது ஒரு பொருளாகவே எனக்குத் தோன்றியதில்லை.

கடையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். அசல் பிசினின் காரம் தாங்காது என்பதால் மைதாவோ அரிசி மாவோ, கருவேலம் பிசினோ சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் செய்கிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை மாவுதான். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும், படிக்க நமக்குத்தான் தோன்றாது.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடும் என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பானை சாம்பாரில் ஒரு கிராம் தூள். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன், ஆக 50 மில்லிகிராம். நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு சொச்சம். அதே நாளில் ரசம், மோர்ச்சாதத் தாளிப்பு, ஊறுகாய், இட்லிப் பொடி எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. சீலியாக் உள்ளவர்கள் ஒரு நாளில் 10 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. தினமும் 50 மில்லிகிராம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தபோது குடல் சேதமானதை இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் 2007இல் காட்டினார்கள். ஒரே ஒரு கோதுமை ரொட்டித் துண்டில் இருப்பது கிராம் கணக்கு. அப்படியிருக்க, நான் எட்டு மாதமாக ரொட்டியைத் தொடாமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மாவு மில். இடியாப்ப மாவு, புட்டு மாவு, கம்பு மாவு எல்லாம் தெரு முனை மில்லில்தான் அரைப்போம். அதே கல்லில் எனக்கு முன்னால் நின்ற ஆள் ரேஷன் கோதுமையை அரைத்திருப்பார். "ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டித் தள்ளிட்டுத்தாங்க்கா உங்களுதைப் போடுறேன்" என்று மில்காரத் தம்பி நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் ஒரு பிடி அரிசியால் கல் சுத்தமாகிவிடாது. இப்போது வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். கை வலிக்கிறது, வேறு வழியில்லை.

ஓட்டல் தோசைக்கல்லில் ரவா தோசையும் ஊற்றுவார்கள், பரோட்டாவும் புரட்டுவார்கள். கேழ்வரகு சேமியா, தினை நூடுல்ஸ் என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் சில பொட்டலங்களைத் திருப்பிப் பார்த்தால் மைதா இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு தெம்புக்குக் கரைத்துக் கொடுக்கும் மால்ட் பானத்தில் பார்லி மால்ட். சோயா சாஸில் கோதுமை. ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவர்களுக்குச் சேரும், ஆனால் கோதுமையோடு கலக்காத ஓட்ஸ் என்று தனியாகச் சொல்லி விற்றால் ஒழிய வாங்கக்கூடாது. கோயில் பிரசாதப் புளியோதரையில் பெருங்காயம், மாதா கோயில் நற்கருணை அப்பத்தில் கோதுமை. இந்த இரண்டையும் மறுக்க நாக்கு வராது, அது வேறு சங்கடம்.

நம் ஊரில் இதையெல்லாம் யாரும் எச்சரிப்பதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வில், வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87 சதவீதம், தெற்கே வெறும் 0.10 சதவீதம் பேருக்குத்தான் சீலியாக் இருந்தது. நோய்க்கு வழிவிடும் மரபணு தெற்கேயும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் இருக்கிறது. வித்தியாசம் தட்டில். தெற்கே சராசரியாக ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை 25 கிராம், வடக்கே 455 கிராம். ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்காக எந்த ஓட்டல்காரர் தனித் தோசைக்கல் வைப்பார்?

இந்தத் தேடல்தான் என் கணக்கில் முதல் வழி. செலவு இல்லை. எந்தச் சத்தையும் இழப்பதில்லை. பத்தியம் இருந்தும் குணமாகாதவர்களில் அதிகம் பேருக்குக் கண்டுபிடிக்கப்படும் காரணமும் இதுவே. ஒரே குறை, நேர்மையாகத் தேட வேண்டும். "நான் கோதுமையே தொடுவதில்லை" என்ற பதில் நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது.

ரத்தம் என்ன சொல்கிறது

தேடும்போதே, சீலியாக் உள்ளவர்களின் ரத்தத்தில் கூடும் டிடிஜி எதிர்ப்பொருளின் அளவையும் மறுபடி பார்த்துவிடுவது உத்தமம். எண்டோஸ்கோப்பியோடு ஒப்பிட்டால் சொற்பச் செலவு, ஒரு ஊசி. ஒரு முறை எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு இயல்பு நிலைக்கு வர ஒன்று, இரண்டு வருடம்கூட ஆகலாம். ஆனால் இறங்கிக்கொண்டே வர வேண்டும். எனக்குப் பாதி தூரம் இறங்கி, பிறகு மூன்று மாத இடைவெளியில் அதே இடத்தில் நின்றது. எங்கிருந்தோ கோதுமை வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இதில் ஒரு கண்ணி உண்டு. எண் இயல்பாகிவிட்டது என்பதால் குளூட்டன் துளிகூடப் போகவில்லை என்று அர்த்தமில்லை, குடல் முழுசாக ஆறிவிட்டது என்றும் அர்த்தமில்லை. சிறு அளவுகளை இந்தப் பரிசோதனை தவறவிடும். ஆகவே எண் உயர்ந்திருந்தால் நம்பலாம். இயல்பாக இருந்தால் பாதி நம்பலாம். இந்த எதிர்ப்பொருள் சேர்ந்த ஐஜிஏ வகையே பிறவியில் குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் பரிசோதனையே பொருந்தாது. அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும்.

குடல் ஆறும் வேகமும் நாம் நினைப்பது போல இல்லை. அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை 2010இல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் இரண்டு வருடத்தில் குடல் ஆறியிருந்தவர்கள் 34 சதவீதம், ஐந்து வருடத்தில் 66 சதவீதம். எட்டு மாதத்தில் நான் அழுதது கொஞ்சம் அவசரம்தான்.

பாலா, வெங்காயமா?

பாலை நிறுத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் நொதி, சிறுகுடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது. சீலியாக் அந்த நுனியைத்தான் முதலில் தேய்க்கிறது. குடல் ஆறினால் நொதியும் திரும்பும். ஆனால் தென்னிந்தியரில் பலருக்கு வளர்ந்த பிறகு இந்த நொதி இயல்பாகவே குறைந்துவிடும். ஆக, நோயால் வந்த குறையா, பிறவிப் பாங்கா என்று பிரிப்பது கஷ்டம்.

நல்ல சேதி, சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் போதும். பால், பாயசம், பால்கோவா, ஐஸ்கிரீம் மட்டும் நிறுத்தினால் போதும். தயிரை நிறுத்த வேண்டியதில்லை, புளிக்க வைக்கும் கிருமிகளே லாக்டோஸில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகின்றன. நெய்யில் கிட்டத்தட்ட லாக்டோஸே இல்லை. நொதி குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளையில் 12 கிராம் லாக்டோஸைத் தாங்குவார்கள், அதாவது ஏறக்குறைய ஒரு பெரிய டம்ளர் பால். ஆகவே ஒரு சின்ன டம்ளர் ஃபில்டர் காபியைக் குற்றவாளியாக்குவதற்கு முன் யோசிக்கலாம். வேண்டுமானால் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை எடுத்து உறுதி செய்யலாம். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் பாலைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் செய்யாதது அதைத்தான். சீலியாக்கில் எலும்பு ஏற்கெனவே பலவீனம், அதோடு சும்மா சுண்ணாம்புச்சத்தையும் இழந்தேன்.

வெங்காயம் பூண்டு விஷயம் இதைவிடச் சிக்கல். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் பத்தியம் இது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகளைச் சில வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது. கோதுமையிலேயே இப்படி ஒன்று உண்டு, ஃப்ரக்டான். வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றிலும் அதே ஃப்ரக்டான்தான். கோதுமையை விட்டதும் முதல் மாதம் பலருக்கு வயிறு லேசாவதில் ஃப்ரக்டான் குறைந்ததற்கும் பங்கிருக்கலாம். சீலியாக்கோடு ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடலும் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பத்தியம் நிஜமாகவே உதவும்.

ஆனால் விலை அதிகம். கொண்டைக்கடலை, ராஜ்மா, காலிஃபிளவர், காளான், மாம்பழம், ஆப்பிள், தர்ப்பூசணி, முந்திரி எல்லாம் பட்டியலில் வரும். கோதுமையை ஏற்கெனவே விட்ட சைவக்காரருக்கு இதற்கும் மேல் வெட்டினால் தட்டில் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் தயிரும்தான். இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்கு மேல் இதில் இருக்கக்கூடாது, ஆலோசகர் துணையில்லாமல் இறங்கவும் கூடாது. பூண்டு வாசனை இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு கைமருந்து: நல்லெண்ணெயில் பூண்டைப் பொரித்துப் பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளிக்கலாம். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது.

பாலா வெங்காயமா என்றால் பால்தான் முதலில். காலம் குறைவு, இழப்பு குறைவு, பதில் தெளிவு. ஆனால் இரண்டுமே பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்த பிறகுதான்.

மலச்சிக்கல்தான் தொல்லை என்றால் இந்த இரண்டுமே உங்களுக்கல்ல. கோதுமை நாரைப் பறித்துவிட்டுப் பட்டை தீட்டிய அரிசியை மூன்று வேளையும் சாப்பிட்டால் வேறென்ன ஆகும்? கீரை, காய், வீட்டில் அரைத்த கம்பு, கேழ்வரகு, தண்ணீர். தைராய்டையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், அது சீலியாக்கின் பழைய கூட்டாளி.

மூன்று மாதக் கடும் பத்தியம்

எல்லாப் பொட்டலத்தையும் மூடிவிட்டு, நாமே கழுவிய வெறும் அரிசி, பச்சைக் காய், பழம், முட்டை, மீன், மசாலா தடவாத கறி, உப்பு, எண்ணெய் மட்டும் மூன்று மாதம் சாப்பிடுவது ஒரு வழி. அரிசியைத் தவிர வேறு தானியம் கிடையாது, பாக்கெட் மசாலா கிடையாது, ஓட்டல் கிடையாது. 2013இல் வெளிவந்த ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், ஒழுங்காகப் பத்தியம் இருந்தும் குணமாகாத 17 பேர் இதைப் பின்பற்றியதில் 14 பேருக்குப் பலன் கிடைத்தது. பதினேழு பேர் என்பது சின்ன எண்தான். ஆனாலும் குணமாகாத சீலியாக் என்று முத்திரை குத்தி ஸ்டீராய்டு ஆரம்பிப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கருக்கு இது தண்டனை. நம் பாட்டிகளுக்கு இது பிரசவப் பத்தியத்தின் அண்ணன். சோறும் மிளகும் கத்திரிக்காயும் போட்டு மூன்று மாதம் ஓட்ட நமக்குத் தெரியும், மிளகை முழுசாக வாங்கி வீட்டில் பொடித்தால். ஏற்கெனவே எடை இறங்கியவர்கள் மட்டும் இதில் தனியாக இறங்க வேண்டாம்.

மருத்துவரிடம் திரும்பப் போவது

சிலர் இதைக் கடைசி வழியாக வைக்கிறார்கள். சில அறிகுறிகளுக்கு இதுதான் முதல் வழி: காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்தில் எழுப்பும் பேதி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், விட்டுப்போன ரத்தசோகை திரும்பி வருவது, விடாத வயிற்று வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலறையில் துப்பறிந்துகொண்டிருக்க நேரமில்லை.

மற்றவர்களும், கோதுமை வரவில்லை என்று உறுதியான பிறகும் தொல்லை தொடர்ந்தால், போக வேண்டும். அப்போது முதலில் கேட்க வேண்டியது, ஆரம்பத்தில் சொன்ன நோய் சரிதானா என்பது. குடலுறிஞ்சிகள் தேய்ந்திருப்பதெல்லாம் சீலியாக் அல்ல. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்றொரு நோய் நம் பக்கத்திலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களிலும் 70களிலும் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். நுண்ணோக்கியில் சீலியாக் போலவே தெரியும், ஆனால் அதற்கு மருந்து டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும். கோதுமையை விட்டுப் பயனில்லை. ஜியார்டியா கிருமியும் இதே வேலையைச் செய்யும். ஓல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு இதேபோல் குடலைத் தேய்க்கிறது என்று 2012இல் தெரியவந்தது. மாத்திரையை மாற்றினால் சரியாகிவிடும். ஆரம்பத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பயாப்சியை மட்டும் வைத்துச் சீலியாக் என்று சொல்லியிருந்தால், இவற்றை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். மரபணுப் பரிசோதனையும் உதவும். நோய்க்கு வழிவிடும் டிகியூ2, டிகியூ8 மரபணு வகைகள் இரண்டுமே இல்லை என்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது, நம்மில் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது.

நோய் சரிதான் என்றால், சிறுகுடலில் கிருமிப் பெருக்கம், கணையம் நொதி சுரக்காமை, பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத அழற்சி என்று பார்க்க வேண்டியவை உண்டு. கடைசியாகச் சொன்னதில் கொலனோஸ்கோப்பியில் குடல் பளபளவென்று நன்றாக இருக்கும், சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதனால் "எல்லாம் நார்மல்" என்றால், சதை எடுத்தீர்களா என்று கேட்க வேண்டும். ஒரு வருடக் கண்டிப்பான பத்தியத்துக்குப் பிறகும் குடல் தேய்ந்தே இருந்தால்தான் பத்தியத்துக்கு அடங்காத சீலியாக் என்ற பேச்சு வரும். அது நூற்றில் ஓரிருவருக்குத்தான். இணையத்தில் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் கெடுவது மட்டும் எல்லோருக்கும்.

குளூட்டனைச் செரிக்க வைப்பதாகச் சொல்லி விற்கும் என்சைம் மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சீலியாக் உள்ளவரைக் காக்கும் என்று அவற்றில் எதற்கும் நிரூபணம் கிடையாது. அதை நம்பி ஒரு கல்யாணத்தில் பூரி சாப்பிட்டால் நஷ்டம் நமக்கு.

என் கதை இரண்டு காரணத்தில் முடிந்தது. பெருங்காயத்தையும் மில்லையும் விட்ட நான்கு மாதத்தில் டிடிஜி மறுபடி இறங்க ஆரம்பித்தது, பேதி நின்றது. உப்புசம் மட்டும் மிச்சம் இருந்தது. அப்போதுதான் பாலை ஒழுங்காக இரண்டு வாரம் நிறுத்தி, திரும்பச் சேர்த்துப் பார்த்தேன். பாயசம் ஆகாது, காபி ஆகும். வெங்காயமும் பருப்பும் திரும்ப வந்துவிட்டன, எடை 51. திரும்ப எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்பதைப் பங்குனிக்கு மேல் பார்க்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர்.

அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் ஒன்று தேடிப்பிடித்து வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அதன் வாசனை பிடிக்கவில்லை. அது இல்லாமல் வைத்த ரசத்தையும் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். "இது ரசமில்லடி, மிளகுத் தண்ணி" என்றாள்.